வாரத்தில் ஒரு மணி நேரம்: உடம்புக்கும் மனசுக்கும் ஒரு கூடல்



குழுக் கூட்டம் என்றால் என்னென்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, சேமிப்பு, உள்கடன் தவணை, வங்கிக் கடன் பாக்கி, புதிதாக யாருக்குக் கடன் தேவை என்ற பேச்சு, கடைசியில் தீர்மானம். ஒவ்வொரு உறுப்பினரின் பணக் கணக்கும் பைசா சுத்தமாக எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் அந்த உறுப்பினர் உடம்பு எப்படி இருக்கிறது, ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாரா என்று எழுத எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது.

தவணை தவறும்போது காரணத்தை விசாரித்துப் பாருங்கள். "இடுப்பு பிடிச்சுக்கிச்சு, ரெண்டு வாரமா வேலைக்குப் போகலை." "சர்க்கரை ஏறிப்போய் ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க." "எதுவும் செய்யப் பிடிக்கலைக்கா, படுத்தே கெடக்கேன்." ஆக, உடம்பும் மனசும் சரியில்லை என்றால் அது கடைசியில் கணக்கு நோட்டிலும் வந்து நிற்கிறது. அப்படி வந்து நிற்பதற்கு முன்னாலேயே கவனிக்க வழி உண்டா என்பதுதான் இந்தக் கட்டுரை.

நமது கூட்டமைப்பைச் சேர்ந்த சில ஊர்களில் குழுப் பெண்கள் வாரம் ஒரு முறை கூடி, உடற்பயிற்சியும் மனம் விட்டுப் பேசுவதுமாக ஒரு மணி நேரம் செலவிடுகிறார்கள். இதை 'நலக்கூடல்' என்று அழைக்கிறோம். மற்ற ஊர்த் தோழிகள் இதைப் பற்றிப் பல கேள்விகள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டே விளக்குகிறோம்.

நம் நிலைமை என்ன?

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு நம் தமிழ்நாட்டைப் பற்றிச் சில உண்மைகளைச் சொல்கிறது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில், மருந்து சாப்பிடுவோரையும் சேர்த்து, ஏறக்குறைய நாலு பேரில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு. ஐந்து பேரில் ஒருவருக்கு ரத்தத்தில் சர்க்கரை அதிகம். 12 பேர் உள்ள ஒரு குழுவை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். யாருக்கு எது இருக்கிறது என்று உங்கள் குழுவில் தெரியுமா? அவரவருக்கே தெரியுமா?

சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பட்டணத்துக்காரர் வியாதி என்ற பேச்சு பழைய பேச்சு. இன்று அது எல்லா ஊரிலும், எல்லாத் தெருவிலும் இருக்கிறது.

"விடிஞ்சா அடைஞ்சா வேலை. இதுக்கு மேல உடற்பயிற்சியா?"

எல்லா ஊரிலும் முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. இதற்கு நேரான பதில் சொல்ல வேண்டும்.

நடவு நடுகிறோம், களை எடுக்கிறோம், பாத்திரம் துலக்குகிறோம், துணி துவைக்கிறோம். இவற்றில் உடம்பு எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். எல்லாமே முன்பக்கம் குனிகிற வேலை. மணிக்கணக்கில் ஒரே பக்கம் வளையும் முதுகுக்குப் பின்பக்கம் நிமிர வாய்ப்பே இல்லை. பீடி சுற்றுகிறவர்களுக்கும் தையல் தைக்கிறவர்களுக்கும் கழுத்தும் தோளும் இறுகிப் போகின்றன. வேலையில் சில தசைகள் தேய்கின்றன. சில தசைகள் அசைவதே இல்லை. வேலை செய்யும்போது மூச்சையும் நாம் கவனிப்பதில்லை. உடற்பயிற்சி என்பது வேலை விட்டுவைத்த பாகங்களை அசைப்பது, இறுகிப் போனதைத் தளர்த்துவது.

இன்னொன்றும் உண்டு. ஆட்டுக்கல், அம்மி, உரல், கிணற்றடி எல்லாம் பல வீடுகளில் ஓய்ந்துவிட்டன. பஸ்ஸும் வண்டியும் வந்ததால் நடையும் குறைந்துவிட்டது. வேலை இல்லாத மாதங்களில் பல பெண்கள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பாடு மட்டும் மூன்று வேளையும் அரிசியாக இருக்கிறது.

வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு சூடாகும்படி, மூச்சு கொஞ்சம் வேகமாகும்படி அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேகமான நடையும் வயல் வேலையும் இந்தக் கணக்கில் சேரும். அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுக் கொடுக்கும் பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. நம்மில் பலருக்குக் குறைவது இந்த இரண்டாவதுதான். நலக்கூடல் வாரம் ஒரு நாள். அங்கே கற்றதை வீட்டில் இன்னும் ஒன்றிரண்டு நாள் பத்து நிமிடம் செய்தால் போதும்.

ஒரு மணி நேரம் எப்படிப் போகும்?

முதல் 10 நிமிடம் வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, இந்த வாரம் யாருக்கு உடம்பு எப்படி என்று ஒவ்வொருவராகச் சொல்வது. அடுத்த 25 நிமிடம் பயிற்சி. அடுத்த 20 நிமிடம் பேச்சு. கடைசி 5 நிமிடம் கண்ணை மூடி அமைதியாக மூச்சு விடுவது. இவ்வளவுதான்.

பயிற்சிக்குச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டால் போதும். தனி உடை தேவையில்லை. எளிதான ஆறு பயிற்சிகள் இதோ:

1. நின்ற இடத்தில் நடை. கையை வீசி, முட்டியைக் கொஞ்சம் உயர்த்தி 5 நிமிடம். உடம்பு சூடாவதற்கு.

2. தோள் சுழற்றல். இரண்டு தோளையும் முன்பக்கம் 10 தடவை, பின்பக்கம் 10 தடவை. பிறகு தலையை மெதுவாக வலம், இடம் திருப்புவது. வெடுக்கென்று திருப்பக் கூடாது.

3. நிமிர்தல். காலை அகட்டி நின்று, இரண்டு கையையும் இடுப்பின் பின்னால் ஊன்றி, நெஞ்சை மேலே தூக்கி மெதுவாகப் பின்பக்கம் சாய்வது. 5 தடவை. களை எடுக்கும்போது நடுநடுவே இதைச் செய்யலாம்.

4. சுவர் தள்ளல். சுவரிலிருந்து ஒரு கை தூரம் நின்று, உள்ளங்கையைச் சுவரில் ஊன்றி, முழங்கையை மடக்கிச் சுவரை நெருங்கித் திரும்பத் தள்ளுவது. 10 தடவை. கைக்கும் தோளுக்கும் வலு.

5. உட்கார்ந்து எழுதல். நாற்காலியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து நிற்பது. 5 தடவையில் தொடங்கி 10 வரை கூட்டலாம். தொடைக்கு வலு வந்தால் முட்டியின் பாரம் குறையும். வயதானவர்கள் பக்கத்தில் பிடிமானம் வைத்துக்கொள்ளுங்கள்.

6. குதிகால் உயர்த்தல். சுவரைப் பிடித்துக்கொண்டு முன்காலில் எழும்பி இறங்குவது. 10 தடவை. கீழே விழாமல் இருக்க இது உதவும்.

எதைச் செய்தாலும் மூச்சை அடக்கக் கூடாது. பேசிக்கொண்டே செய்ய முடிகிறது என்றால் அளவு சரி. பேச முடியாமல் மூச்சு வாங்கினால் அளவைக் குறைக்க வேண்டும்.

யோகாசனம் தெரிந்தவர் ஊரில் இருந்தால் கற்றுக்கொள்ளலாம், நல்லது. 2015-லிருந்து ஜூன் 21 உலக யோகா நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதனால் பல ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகளே ஆசனம் கற்றிருக்கிறார்கள். ஆனால் தலைகீழாக நிற்பது, வளைந்து காட்டுவது எல்லாம் நமக்குத் தேவையில்லை. கும்மியும் கோலாட்டமும் தெரிந்த பெரியம்மாக்கள் இருந்தால் அவர்களையே முன்னால் நிறுத்துங்கள். கால் மணி நேரம் கும்மி அடித்துப் பாருங்கள், வியர்க்கிறதா இல்லையா என்று தெரியும். சிரிப்பும் சேர்ந்து வரும்.

தொடங்குமுன் ஒரு பரிசோதனை

நலக்கூடலின் முதல் வாரத்தில் பயிற்சி வேண்டாம். கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்துப் பேசி, எல்லோருக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தத்தின் அளவு மூன்றும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். 2021 ஆகஸ்டில் நம் மாநிலத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர்கள் நம் குழுக்களிலிருந்து போனவர்கள்தான். அவர்களையும் கூட வைத்துக்கொள்ளலாம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

ரத்தசோகை உள்ளவர்கள்: ரத்த அளவு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கும், படபடக்கும். இவர்களைச் 'சோம்பேறி' என்று சொல்லிவிடுகிறோம். இரும்புச்சத்து மாத்திரையும் கீரையும் சாப்பிட்டு ரத்தம் ஏறும் வரை லேசான பயிற்சி போதும். மாத்திரையை டீயோடு சாப்பிடாதீர்கள், சத்து உடம்பில் சேராது.

ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள்: 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் டாக்டரைப் பார்த்த பிறகே பயிற்சி. தலையைக் கீழே தொங்கவிடும் ஆசனங்கள் வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்கள்: மாத்திரையோ ஊசியோ போட்டுவிட்டு வெறும் வயிற்றில் வரக் கூடாது. கிறுகிறுப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். கூடலில் ஒரு டப்பாவில் சர்க்கரை எப்போதும் இருக்கட்டும். காலில் புண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள்: செவிலியரிடமோ டாக்டரிடமோ கேட்ட பிறகு வரலாம்.

யாருக்காவது நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் வந்தால் பயிற்சியை நிறுத்தி 108-க்குப் போன் செய்ய வேண்டும். 'வாயுவாக இருக்கும்' என்று சோடா கொடுத்துக் காத்திருக்கக் கூடாது.

மிக முக்கியமான ஒன்று. பயிற்சி செய்கிறோம், உடம்பு நன்றாக இருக்கிறது என்று யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஓர் ஊரில் ஓர் அம்மா, "இப்பத்தான் தலைசுத்தலே இல்லையே" என்று மூன்று வாரம் கொதிப்பு மாத்திரையை விட்டுவிட்டார். செவிலியர் வந்து பார்த்தபோது அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ரத்தக்கொதிப்பு பல பேருக்கு எந்த அறிகுறியும் காட்டாது. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்ல வேண்டியது.

சொல்லக் கூசும் ஒரு தொல்லை

இருமினால், தும்மினால், சிரித்தால், குடம் தூக்கினால் சிறுநீர் கசிகிறதா? அடிவயிறு இறங்குவது போல, ஏதோ வெளியே வருவது போல இருக்கிறதா? பல பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும், பிரசவமான கொஞ்ச நாளிலேயே பாரம் தூக்கியவர்களுக்கும் இது வரும். பெண்கள் மட்டும் கூடும் இடம் என்பதால்தான் இந்தப் பேச்சே வெளியில் வருகிறது. ஒருவர் சொன்னதும் "எனக்கும் இருக்குக்கா" என்று இன்னும் இரண்டு பேர் சொல்வார்கள். பத்து வருடமாகப் பேருந்தில் ஏறவே பயந்து, விசேஷ வீடுகளுக்குப் போகாமல் இருந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. சிறுநீரை அடக்குவது போல அடித் தசையை உள்ளே இறுக்கி, ஒன்று முதல் ஐந்து வரை எண்ணுங்கள். பிறகு ஐந்து எண்ணும் வரை தளர்த்துங்கள். இப்படி 10 தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. உட்கார்ந்தோ படுத்தோ செய்யலாம். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. சிறுநீர் கழிக்கும்போது மட்டும் செய்ய வேண்டாம். மூன்று மாதம் விடாமல் செய்தால் பலருக்குக் கசிவு குறைகிறது. கர்ப்பப்பை இறங்கி வெளியே தெரிகிறது என்றால் பயிற்சியோடு விட்டுவிடாமல் அரசு மருத்துவமனையில் பெண் டாக்டரைப் பார்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் கர்ப்பப்பையை அகற்றச் சொன்னால், வேறு வழி உண்டா என்று இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

மனசுக்கு என்ன செய்கிறோம்?

"மனசு சரியில்லைன்னா பைத்தியமா?" என்று சிலர் கோபப்படுகிறார்கள். உடம்புக்குக் காய்ச்சல் வருவது போல மனசுக்கும் சோர்வு வரும். நம் பெண்களுக்கு அது பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் பேசும். தலைவலி, உடம்பெல்லாம் வலி, நெஞ்சு படபடப்பு, பசியின்மை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு. எல்லாப் பரிசோதனையும் செய்து "ஒண்ணுமில்லை" என்று அனுப்பிவிடுவார்கள். ஆனால் அந்த அம்மாவுக்கு ஏதோ இருக்கிறது. அது பொய்யான வலி இல்லை.

பெண்கள் கூடிப் பேசுவதால் பலன் உண்டா? உண்டு என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறோம்.

ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில் 'ஏக்ஜுட்' என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் 2008 வரை ஒரு முயற்சி செய்தது. ஊர்ப் பெண்கள் மாதம் ஒரு முறை கூடி, படம் பார்த்து, கதை சொல்லி, தாய் சேய் நலத்தில் தங்கள் ஊருக்குள்ள பிரச்சினைகளைத் தாங்களே கண்டுபிடித்துத் தீர்வு தேடினார்கள். நடத்தியவர்கள் டாக்டர்கள் அல்ல, உள்ளூர்ப் பெண்கள். அந்த ஊர்களில் பிறந்த குழந்தைகள் ஒரு மாதத்துக்குள் இறப்பது, கூட்டம் நடக்காத ஊர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மூன்றாம் ஆண்டில் தாய்மார்களின் மிதமான மனச்சோர்வும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மூன்றாம் ஆண்டில் என்பதைக் கவனியுங்கள். மூன்று வாரத்தில் நடக்கவில்லை.

இன்னொன்று ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாடு. அங்கே மனநல டாக்டர்கள் மிகக் குறைவு. டிக்சன் சிபாண்டா என்ற டாக்டர் 2006-ல் ஹராரே நகரத்தில் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்சில் உட்கார வைத்தார். மனக்கஷ்டம் உள்ளவர்கள் அந்தப் பெஞ்சுக்குப் போய்ப் பேசலாம். அந்த ஊர் மொழியில் மனச்சோர்வுக்குப் பெயர் 'குஃபுங்கிசிசா'. அதிகமாக யோசிப்பது என்று அர்த்தம். நாமும் "யோசனை ஜாஸ்தியாயிடுச்சு" என்றுதானே சொல்கிறோம்! பாட்டியோடு பேசி முடித்தவர்கள் பிறகு ஒரு குழுவாகக் கூடி, பை பின்னிக்கொண்டே ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிறார்கள். 2016-ல் வெளியான ஆய்வில், பெஞ்சில் பேசியவர்களுக்கு மற்றவர்களைவிட மனச்சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது.

அந்தப் பாட்டிமார்கள் செய்யும் முறை எளிதானது. நாமும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். முதலில் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்பது. பிறகு, "இத்தனை கஷ்டத்துல இப்ப எதை முதல்ல பார்க்கலாம்?" என்று ஒன்றை மட்டும் அவரையே எடுக்கச் சொல்வது. அதற்கு என்னென்ன செய்யலாம் என்று அவரோடு சேர்ந்து யோசிப்பது. அடுத்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியத்தை அவர் தேர்ந்தெடுப்பது. அடுத்த வாரம், "போன காரியம் என்ன ஆச்சு?" என்று கேட்பது. கடன் ஏழு இடத்தில் இருக்கிறது என்றால் ஏழையும் இன்றே தீர்க்க முடியாது. எங்கே எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுவதே இந்த வாரக் காரியமாக இருக்கலாம்.

பேச்சுக்கு நாலு கட்டுப்பாடு

ஒன்று: கூடலில் பேசியது கூடலோடு. வீட்டுக்காரரிடமும் சொல்லக் கூடாது, நாத்தனாரிடமும் சொல்லக் கூடாது. ஒரு தடவை வெளியே போனால் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கூடலே அத்தோடு முடிந்தது.

இரண்டு: யாரையும் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. சும்மா உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகவும் உரிமை உண்டு.

மூன்று: "நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்ற வார்த்தை வேண்டாம். அதை அவர் ஏற்கெனவே ஆயிரம் தடவை கேட்டிருப்பார்.

நாலு: மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இருந்தால் பேச்சுக்கு வேறு வேறு வட்டமாக உட்காரலாம். சங்கடம் குறையும்.

கூடல் போதாது என்று எப்போது தெரியும்?

இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் சோர்வு, எதிலும் பிடிப்பு இல்லை, தூக்கமில்லை, சமைக்கவும் குளிக்கவும்கூட முடியவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவ உதவி தேவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் மாவட்ட மனநலத் திட்டத்துக்கு வழி சொல்வார்கள். 14416 என்பது அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

"நான் செத்துப் போனா நல்லாயிருக்கும்" என்று யாராவது சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால் மனப்பாரம் குறையும். அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் உள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள். கூடவே போய் மருத்துவமனையில் காட்டுங்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம் சில கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான இடத்தில் பெட்டகத்தில் பூட்டி வைத்துப் பார்த்தார்கள். சென்னையில் உள்ள 'சிநேகா' அமைப்பு இதில் பங்கெடுத்தது. விவசாயிகள் அதை ஏற்றுப் பயன்படுத்தினார்கள். கோபமும் வேதனையும் உச்சத்தில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் விஷம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இருப்பதே ஓர் உயிரைக் காப்பாற்றும்.

வீட்டில் அடி உதை என்று ஒருவர் சொன்னால் அதற்கு மூச்சுப் பயிற்சி மருந்தல்ல. 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசலாம். அவர் விருப்பத்தைக் கேட்டு, குழுவாகத் துணை நிற்க வேண்டும். இதே போலத்தான் சாராயமும், கந்துவட்டியும், கூலிப் பாக்கியும். நலக்கூடலில் பேசித் தைரியம் பெறலாம். தீர்வுக்குக் குழுவும் கூட்டமைப்பும் தீர்மானம் போட்டு இறங்க வேண்டும். கஷ்டத்தின் காரணத்தை அப்படியே விட்டுவிட்டு, கஷ்டப்படுகிற பெண்ணைப் பார்த்து "நீ மனசை அமைதியா வச்சுக்கோ" என்று சொல்வது நியாயமில்லை.

இடம், நேரம், செலவு

இடம்: எல்லாத் தெருப் பெண்களும் தயக்கமில்லாமல் வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். கோயில் மண்டபம் வசதிதான். ஆனால் அங்கே சிலர் வரத் தயங்குவார்கள், மாதவிலக்கு நாளில் இன்னும் சிலர் வர மாட்டார்கள். பள்ளிக்கூட வளாகம், அங்கன்வாடி, குழுக் கட்டடம் ஆகியவை நல்லது. சுற்று மறைப்பு இருந்தால் கூச்சம் இருக்காது. மாதவிலக்கு நாளில் வரலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வரலாம். முடிந்ததைச் செய்யலாம், முடியாவிட்டால் உட்கார்ந்திருக்கலாம்.

நேரம்: ஓர் ஊரில் சாயங்காலம் ஐந்து மணிக்கு வைத்தார்கள். பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றும் நேரம் அது. மூன்றாம் வாரம் நாலு பேர்தான் வந்தார்கள். அந்தப் பெண்களே பேசி ஏழு மணிக்கு மாற்றினார்கள், கூட்டம் திரும்பி வந்தது. உங்கள் ஊர் வேலை நேரம் உங்களுக்குத்தான் தெரியும். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடத்துபவர்: குழுவுக்கு இரண்டு பேர். ஒருவரே எப்போதும் நடத்தினால் அவர் வராத நாள் கூடல் நின்றுவிடும். ஊக்குநர் மீதே இந்த வேலையையும் சுமத்த வேண்டாம். அவருக்கும் அந்த ஒரு மணி நேரம் ஓய்வாக இருக்கட்டும்.

செலவு: பாய், தண்ணீர், டப்பாச் சர்க்கரை. வேறு எதுவும் இல்லை. சத்து மாவு, பவுடர், மாலை, காந்தப் படுக்கை என்று யாராவது விற்க வந்தால் கூடலுக்குள் விடாதீர்கள்.

"வராதவங்களுக்கு அபராதம் போடலாமா?" என்று ஒரு குழுவில் கேட்டார்கள். கூடவே கூடாது. குழுக் கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் என்பது நம் பழக்கம். ஆனால் ஓய்வுக்காக வைத்த ஒரு மணி நேரத்தையும் கடமையாக்கி, அதையும் கடனோடு முடிச்சுப் போட்டால் நம் தலையில் இன்னொரு சுமை ஏறியதாகத்தான் அர்த்தம். வருகைப் பதிவைப் பார்த்துக் கடன் கொடுப்பதும் வேண்டாம். இரண்டு வாரம் ஒருவர் வரவில்லை என்றால் யாராவது ஒருவர் அவர் வீட்டுக்குப் போய், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு வாருங்கள். அது போதும்.

"வீட்டில் என்ன சொல்வார்களோ?"

"வேலை வெட்டி இல்லாம ஆட்டம் போடப் போறாளுங்க" என்ற பேச்சு வரும். சேமிப்புக் குழு ஆரம்பித்தபோதும் வந்தது. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் முதன்முதலில் அரசு உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கியபோது, பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பணக் கணக்குப் பேசுவதே புதுமையாக இருந்தது. இன்று அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. உட்கார்ந்து ஓய்வெடுப்பது குற்றம் என்று பெண்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. நமக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் உண்டு.

அந்த ஒரு மணி நேரம் அடுப்பையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பது என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளையை அடுப்படியில் விட்டுவிட்டு வந்தால் சுமை அம்மாவிடமிருந்து மகளுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். மகனும் கணவரும் சோறு வடிக்கட்டும். சின்னக் குழந்தைகளைக் கூடவே கூட்டி வரலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

இந்தப் பக்கங்களைப் படிக்கத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் சத்தமாகப் படியுங்கள். பிறகு எல்லோரும் பேசுங்கள். வேண்டாம் என்று பெரும்பாலோர் சொன்னால் விட்டுவிடுங்கள், தவறில்லை. வேண்டும் என்றால் தீர்மான நோட்டில் இப்படி எழுதலாம்:

"நமது குழு உறுப்பினர்கள் வாரந்தோறும் ______ கிழமை ______ மணிக்கு ______ இடத்தில் நலக்கூடல் நடத்துவது. நடத்துபவர்கள் ______, ______. முதல் வாரம் அனைவருக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்த அளவு பார்க்கச் செவிலியரிடம் கேட்பது. வருகை அவரவர் விருப்பம். அபராதம் இல்லை. கூடலில் பேசியதை வெளியில் பேசுவதில்லை. மூன்று மாதம் கழித்துத் தொடர்வதா என்று முடிவு செய்வது."

தீர்மானம் எழுதிய குழுக்கள் தங்கள் பிரதிநிதி மூலம் கூட்டமைப்புக் கூட்டத்தில் தெரிவியுங்கள். ஊருக்கு இரண்டு பேர் வீதம் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்கிறோம். பயிற்சியில் சொல்லித் தருபவரும் உங்களைப் போன்ற ஓர் உறுப்பினராகவே இருப்பார்.

சேமிப்பு என்பது வங்கிப் புத்தகத்தில் மட்டும் இல்லை. இருபது வருடம் கழித்தும் யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நடக்கிற கால், பயமில்லாமல் தூங்குகிற இரவு, கஷ்டம் என்றால் கதவைத் தட்டக்கூடிய நாலு தோழிகள், இவையும் நம் சேமிப்புதான். வாரம் ஒரு மணி நேரம் என்று போட்டு வைப்போம்.